திருக்கோவிலூருக்குக் கிடைக்காத குமாஸ்தாவும் பதின்மூன்று இலக்க எண்ணும்

இந்த முறை ஓர் எண்ணைப் பற்றி எழுதப் போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். பெருக்கல் வாய்ப்பாடு ஞாபகம் இருந்தால் போதும். நம் வயதுக்காரர்களுக்கு அது மறக்கவா போகிறது? பதினாறாம் வாய்ப்பாடு வரை பிரம்பு வைத்துச் சொல்லிக் கொடுத்த தலைமுறை நாம்.

எண் இதுதான்: 6746328388800. பதின்மூன்று இலக்கம். நம் வழக்கப்படி வாசித்தால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

இதை 1915-ஆம் வருடம் லண்டனில் அச்சான ஒரு கட்டுரையின் பட்டியலில் கடைசி எண்ணாகப் போட்டவர் சீனிவாச ராமானுஜன். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1910-இல், அவர் நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருக்கோவிலூருக்கு வந்து குமாஸ்தா வேலை கேட்டு நின்றார். ராமானுஜன் என்றால் ஈரோடு, கும்பகோணம், சென்னை, கேம்பிரிட்ஜ் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நம் தென்னார்க்காட்டுப் பங்கை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் போய்விட்டது. திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டத்தில் நிற்கிறது. 1910-இல் இந்தப் பிரிவினை எதுவும் கிடையாது. எல்லாம் தென்னார்க்காடு ஜில்லா, தலைநகர் கடலூர். நம் ஊர்க்காரர்கள் பட்டாவுக்கும் கிஸ்திக்கும் போய் நின்றது திருக்கோவிலூர் தாலுகா கச்சேரியில்தான். அங்கே அப்போது டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர்.

அவர் சாதாரண ரெவின்யூ அதிகாரி இல்லை. உத்தியோகம் ஜமாபந்தியும் வரி வசூலும் என்றாலும், மனசு முழுக்கக் கணக்கு. 1907-இல் நாடு முழுக்க உள்ள கணக்கு ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதுதான் பிற்பாடு இந்தியக் கணிதக் கழகம் ஆயிற்று. இன்றும் அது இருக்கிறது.

அவரைத் தேடித்தான் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது ராமானுஜன் வந்தார். அப்போது அவர் நிலைமை என்ன? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் கணக்கைத் தவிர வேறு பாடங்களைப் படிக்காமல் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1909-இல் கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் இருந்த ஒரே சொத்து, கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகம்.

நான் ரெவின்யூ டிபார்ட்மென்டில் முப்பத்தி நான்கு வருடம் வேலை பார்த்தவன். கடைநிலை உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக ஏறினேன். அதனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அடங்கல் எழுத வேண்டும். சிட்டாவில் கூட்டல் போட வேண்டும். நஞ்சை, புஞ்சை, தரம், தீர்வை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஜமாபந்தி வந்தால் ராத்திரி பதினொரு மணி வரை கணக்கு சரிபார்க்க வேண்டும். கௌரவமான வேலைதான், ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். ஆனால் அது ஆளைப் பிழிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் வேறு எதையும் யோசிக்க முடியாது.

ராமசாமி ஐயர் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். தன் ஆபீஸில் வேலை போட்டுக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் இவரை உட்கார வைத்தால் இந்தத் திறமை மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்று நினைத்ததாக அவரே பிறகு நினைவு கூர்ந்திருக்கிறார். "வேலை இல்லை, போய் வா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அது கொடுமை. அவர் அப்படிச் செய்யவில்லை. சென்னையில் இருந்த கணக்கு நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே பேராசிரியர் பி.வி. சேஷு ஐயர். அவர் மூலமாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை, ராமசாமி ஐயர் தொடங்கிய கழகத்தின் பத்திரிகையிலேயே வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17-இல் கப்பல்.

இனி எண்ணுக்கு வருவோம்.

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 13-க்கு 1, 13 இரண்டுதான். அது பகா எண். எண்கள் பெரிதாகப் பெரிதாகக் காரணிகள் கூடிக்கொண்டே போகும் என்று நினைத்தால் அது தப்பு. 59-க்கு இரண்டு, 60-க்குப் பன்னிரண்டு, 61-க்கு மறுபடி இரண்டு. சந்தைக் கடையில் சில்லறை ஏறி இறங்குவது போல ஏறி இறங்கும்.

ராமானுஜன் கேட்ட கேள்வி இது. தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் உள்ள எண்கள் எவை? அப்படிப்பட்டவற்றுக்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதை உயர் பகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அந்த வரிசை போகும். ஒவ்வொன்றும் தன் காலம் வரையிலான சாதனையை முறியடித்த எண். விளையாட்டுப் போட்டியில் புதிய ரெக்கார்டு போடுவது மாதிரி.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் நமக்குப் பழக்கப்பட்ட முகங்கள் தெரிகின்றன அல்லவா? ராசி 12. நாளுக்கு மணி 24. ஒரு மண்டலம் 48 நாள். நாளுக்கு நாழிகை 60, நாழிகைக்கு விநாடி 60, பிரபவ முதல் அட்சய வரை வருடம் 60. ஜாதகத்தில் தசை மொத்தம் 120 வருடம். வட்டத்துக்குப் பாகை 360. பல பேருக்குப் பல விதமாகப் பங்கு போட இந்த எண்கள் வசதியாக இருக்கின்றன.

பங்கு போடுவது என்றதும் அணா ஞாபகம் வருகிறது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. மூன்று பேர் ஒரு ரூபாயைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஐந்து அணா நாலு பை, சண்டையே இல்லை. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. 100 பைசாவை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒரு பைசா எப்போதும் மிச்சம். 192-க்குக் காரணிகள் 14; 100-க்கு 9 தான். கடைத்தெருவில் பெரியவர்கள் புதுக் காசைத் திட்டியதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. எண்ணைப் பகா எண்களாக உடைக்க வேண்டும். 60 என்பது 2×2×3×5. இதில் 2 இரண்டு தடவை, 3 ஒரு தடவை, 5 ஒரு தடவை. ஒவ்வொரு தடவையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3×2×2 = 12. அவ்வளவுதான்.

இதே வழியில் நம் பதின்மூன்று இலக்க எண்ணைப் பார்ப்போம். 6746328388800-ஐ உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரே தடவை. காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். நான் ஒரு மத்தியானம் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காரணிகள் எத்தனை? 7×5×3×3×2×2×2×2×2 = 10080. பத்தாயிரத்து எண்பது பேருக்குத் தனித்தனி விதமாகப் பங்கு போட்டுக் கொடுக்கக்கூடிய எண். இதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஆறேமுக்கால் லட்சம் கோடி எண்களில் ஒன்றைக்கூட விடாமல் பார்த்துவிட்டு இதைச் சொல்ல யாராலும் முடியாது. ராமானுஜன் எண்களைத் தேடிக்கொண்டு போகவில்லை. இப்படிப்பட்ட எண்ணின் உடம்பு எப்படி இருக்கும் என்று முதலில் நிரூபித்தார்.

உதாரணமாக 18-ஐ எடுங்கள். 2 ஒரு தடவை, 3 இரண்டு தடவை, காரணிகள் 6. இதையே திருப்பிப் போட்டால், 2 இரண்டு தடவை, 3 ஒரு தடவை, அது 12. அதற்கும் 6 காரணிகள்தான். ஆனால் எண் சின்னது. ஆகவே 18 தோற்றுவிட்டது. இதிலிருந்து முதல் விதி: சின்னப் பகா எண் அதிகத் தடவை வர வேண்டும், பெரியது அதை மிஞ்சக் கூடாது. அடுத்து 10-ஐப் பாருங்கள். 2×5. நடுவில் 3 இல்லை. 5-க்குப் பதில் 3 போட்டால் 6. அதே நாலு காரணிகள், சின்ன எண். ஆகவே இரண்டாம் விதி: நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப் போகக் கூடாது. மூன்றாவது விதி கொஞ்சம் ஆழமானது: 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். நம் எண்ணில் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று படிக்கட்டு மாதிரி இறங்கி, கடைசியில் 23 ஒரே தடவை நிற்பதைக் கவனியுங்கள்.

இதுபோன்ற விதிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு வடிகட்டி வடிகட்டி அவர் 102 உயர் பகு எண்களைப் பட்டியல் போட்டார். பிற்காலத்தில் சரிபார்த்தவர்கள் அதில் ஒரே ஓர் எண் விட்டுப் போயிருப்பதைக் கண்டார்கள். அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பட்டியலில் 4800 காரணிகள் உள்ள 240940299600-க்கு அடுத்து, 5376 காரணிகள் உள்ள 321253732800 நிற்கிறது. நடுவில் 5040 காரணிகளோடு நிற்க வேண்டியது இது.

நான் ரசித்த விஷயம் ஒன்று. விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6746328388800 வரும்! பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே விட்டுப்போன எண் ஒளிந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று: இந்த இரண்டு எண்களின் காரணிகள் 5040, 10080. அந்த இரண்டுமே உயர் பகு எண்கள்தான். 5040-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கே தரம் பிரிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெவின்யூவில் நிலத்துக்குத் தரம் போடுவோம். ஒரே வயல், நெல்லுக்குப் பார்த்தால் ஒரு தரம், மணிலாவுக்குப் பார்த்தால் வேறு தரம். எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. எண்ணும் அப்படித்தான். ராமானுஜன் என்றாலே எல்லோரும் சொல்லும் 1729-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் சுவாரசியமில்லாதது என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன். ஆனால் அதே 1729-ஐ காரணிக் கணக்கில் பார்த்தால் பரம ஏழை. 7×13×19. எட்டே காரணிகள். அதைவிடச் சின்னதான 1680-க்கு நாற்பது! ஒரு வகைப்பாட்டில் ஏழை, இன்னொன்றில் கோடீஸ்வரன்.

மனிதர்களுக்கும் அதுவேதான். எஃப்.ஏ. பரீட்சைத் தாள் ராமானுஜனுக்குத் 'தேறாதவர்' என்று தரம் போட்டது. அந்தத் தாளை மட்டும் பார்ப்பவராகத் திருக்கோவிலூரில் ஓர் அதிகாரி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய விரல்விட்டு எண்ணும் ஆட்களில் ஒருவர் நம் தாலுகாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! எஃப்.ஏ. தேறாத அந்த மனிதருக்கு, இந்த உயர் பகு எண் கட்டுரைக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

ஆனாலும் தரம் பிரிப்பதில் ஹார்டிக்கே ஒரு தயக்கம் இருந்தது. ராமானுஜனின் கைவண்ணத்தை வியந்து பாராட்டிய அவர், இந்தக் கட்டுரையின் பொருள் கணக்கின் பெரிய ஓட்டத்தில் சேராத ஒரு தேங்கிய நீர் மாதிரி என்ற கருத்தையும் எழுதினார். பெண்ணையாறு ஓடுகிறது, இது ஓரத்தில் நிற்கும் குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1915 உலக யுத்த காலம். லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. ஏற்கெனவே அறுபது பக்கத்துக்கு மேல் போன கட்டுரையில், செலவைக் குறைக்க ராமானுஜன் கடைசிப் பகுதிகளை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார்.

நம் ஊர்க் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுந்தரரின் கல்யாணத்தில் கிழவர் ஒருவர் ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வருகிறது. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்ட, வழக்கு அவர் பக்கம் முடிகிறது. ரிக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் அருமை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அச்சான படி எப்படி இருந்தாலும் மூலம் இருந்தால் போதும்.

ராமானுஜனின் மூல ஓலையும் அழியவில்லை. நூற்றாண்டு விழாவை ஒட்டி அவருடைய வெளிவராத தாள்கள் புகைப்பட நகலாக டெல்லியில் புத்தகமாக வந்தபோது, நிறுத்திவைத்த அந்தப் பகுதியும் அதில் இருந்தது. ஜான் லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணக்கு அறிஞர்கள் அதற்குக் குறிப்புகள் எழுதி 1997-இல் ராமானுஜன் பெயரில் தொடங்கிய ஆராய்ச்சிப் பத்திரிகையின் முதல் தொகுதியில் முறையாக அச்சிட்டார்கள். எழுதி எண்பத்திரண்டு வருடம் கழித்து!

அதில் என்ன இருந்தது? இங்கேதான் 5040 வருகிறது. ஓர் எண்ணின் காரணிகள் எத்தனை என்பதற்குப் பதில், அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகப் போக முடியும் என்று கேட்டால் இன்னொரு வகைப்பாடு கிடைக்கும். 5040-க்கு அறுபது காரணிகள், கூட்டினால் 19344. இந்தக் கூட்டுத்தொகைக்கு ஒரு குறிப்பிட்ட வரம்புக் கோடு உண்டு. 5040 அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. அதற்கு மேலே கோட்டைத் தாண்டும் எண் எதையும் இதுவரை யாரும் கண்டதில்லை. 1984-இல் ரோபன் நிரூபித்தது இது: 5040-க்கு மேல் எந்த எண்ணும் அந்தக் கோட்டைத் தாண்டாது என்பதும், ரீமான் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றேதான். ரீமான் 1859-இல் சொன்ன அந்தக் கருதுகோள் பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றியது. இன்றுவரை யாரும் தீர்க்காதது. தீர்த்தால் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்திருக்கிறார்கள். ராமானுஜன் நிறுத்திவைத்த தாள்களைப் பார்த்தால், ரீமான் சொன்னது உண்மையானால் போதிய அளவு பெரிய எண்கள் அந்தக் கோட்டைத் தாண்டாது என்ற பாதியை அவர் அப்போதே எட்டியிருக்கிறார். ஓரத்துக் குட்டை என்று நினைத்தது, அடியில் பெரிய ஆற்றோடு சேர்ந்துதான் இருந்திருக்கிறது.

தென்னார்க்காட்டுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை என்ற சிவசங்கரநாராயண பிள்ளை, 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார். சிதம்பரமும் அப்போது நம் ஜில்லாதான். காரணிகளின் கூட்டுத்தொகையில் ரெக்கார்டு போடும் எண்களைப் பற்றி 1943-இல் கட்டுரை எழுதியவர் அவர். 1950 ஆகஸ்டில் அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். கணக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏன் சார், அந்த வேலையைக் கொடுத்திருந்தா மனுஷன் நம்மை மாதிரி பென்ஷன் வாங்கிக்கிட்டு எழுபது வயசு வரைக்கும் இருந்திருப்பாரே? சீமைக்குப் போய்த்தானே உடம்பு கெட்டது?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. 1917-இல் அங்கே நோயில் விழுந்தவர், 1919-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் இறந்தார். வயது 32. மனைவி ஜானகி அம்மாளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷன் மாதம் 20 ரூபாய். அவர் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை இருந்தார். எழுபத்து நான்கு வருட விதவை வாழ்க்கை. பென்ஷன் வாங்கும் நமக்கு இந்தக் கணக்குச் சுடத்தான் செய்யும். எந்த உயர் பகு எண்ணும் இதை ஈடுகட்டாது.

யோசித்துப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. ராமசாமி ஐயர் அன்று ஓர் ஆயுளை வைத்து எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. யுத்தம் வரும், குளிரில் உணவு கிடைக்காது, நோய் வரும் என்பதெல்லாம் 1910-இல் யாருக்குத் தெரியும்? அவர் முன்னால் இருந்தது ஒரு மனு, ஒரு நோட்டுப் புத்தகம். மனுவை மட்டும் பார்த்து உத்தரவு போடுவது சுலபம். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். அவர் நோட்டையும் பிரித்தார். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் கண்ணில் அது பட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்து, தன் நேரத்தைச் செலவழித்துக் கடிதம் எழுதினார். அந்த நோட்டுக்குச் சொந்தக்காரரும் கேட்டது பேரோ புகழோ இல்லை. சாப்பாடும் கணக்குப் போட நேரமும்தான். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்தவர் அவர். இங்கிலாந்தில் உதவித்தொகை உயர்ந்தபோது, பெற்றோருக்குக் கொஞ்சம் போக மீதியை ஏழை மாணவர்களின் படிப்புக்குக் கொடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கே எழுதினார்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த எண்ணைத் திரும்பச் சொல்லுங்க" என்றார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலையில் போன் வந்தது. முதல் பதினாறு காரணிகளைக் கண்டுபிடித்துவிட்டாராம். 17 அந்த எண்ணை வகுக்கிறதா என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.